பீக்கன் கூவவில்லை

பனிமலை உச்சிக்கு ஏறும் வழியில் இருந்த கயிற்று வாசலுக்கு முன்னால் பிள்ளைகள் ஸ்கீகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள். அன்று சோதிப்பது பேர்டியின் முறை. பன்னிரண்டு வயதுப் பெண். தன் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, மார்புக்கு நேராக நீட்டிக்கொண்டு, டிக்கெட் கிழிப்பவளின் மிடுக்கோடு நின்றாள். ஒவ்வொருவரும் கடந்துபோகும்போது அவள் கையிலிருந்த கருவி கீச்சென்று கூவியது. பனி சரிந்து ஆளைப் புதைத்துவிட்டால், எங்கே புதைந்தான் என்று காட்டிக்கொடுப்பது மார்பில் கட்டிய பீக்கன் என்ற அந்தச் சிறு பெட்டிதான். அது கூவாதவர் கயிற்றைத் தாண்டக் கூடாது; மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்கித் தரவும் வேண்டும். கோச் மாரிட் போட்ட சட்டம் அது.

கடைசியாக மாரிட் கடந்தாள். கருவி கூவவில்லை.

"கோச், திரும்பி வாங்க" என்றாள் பேர்டி.

மாரிட் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மறுபடியும் நடந்தாள். அவளுக்கு நிற்கப் பொறுமையில்லை. கண்ணெல்லாம் வரிசையின் முன்னால் நின்ற எம்மெட்டின் முதுகிலேயே இருந்தது. கருவி இப்போதும் ஊமையாகவே இருந்தது.

"உங்களது கூவல கோச்."

"ஆன் பண்ணியிருக்கேனே, பாரு."

"லைட்டு எரியுது. ஆனா கூவல."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "எனக்கு சாக்லேட் தடவினது ரெண்டு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எம்மெட் மட்டும் சிரிக்கவில்லை.

எம்மெட்டுக்குப் பதின்மூன்று வயது. பயிற்சியில் அவனைப் போல் இறங்குபவன் அந்தக் குழுவில் இல்லை. மரங்களுக்கு நடுவே அவன் வருவதைப் பார்த்தால் தண்ணீர் தன் வழியைத் தானே கண்டுபிடித்து ஓடுவது போல இருக்கும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு போட்டிகளில் அவன் உச்சிவரை ஏறி, பெயர் கூப்பிட்டதும் தயங்கி நின்று, பிறகு ஸ்கீயைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டோரமாக நடந்தே இறங்கி வந்துவிட்டான். இரண்டு முறையும் மாரிட் பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு முறையும் அவன், "கால் சரியில்ல கோச்" என்றான். "கால் நல்லாத்தான் இருக்குடா, மனசுதான் ஆடுது. மூச்சை இழுத்து விடு. உன்னால முடியும்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பேசப் பேச அவன் முகம் சுருங்கியதுதான் மிச்சம்.

இன்று பருவத்தின் கடைசிப் போட்டி. இன்றும் திரும்பி வந்தால் ஸ்கீகளை விற்றுவிடப்போவதாக அவன் தன் அம்மா லோர்னாவிடம் சொல்லியிருந்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை; சாதாரணமாகச் சொன்னானாம். அதைக் கேட்டதிலிருந்து மாரிட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வேனை ஓட்டிவரும்போது, "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மலைக்காவல் வெர்ன், சிவப்பு மேலங்கியும் நரைத்த மீசையுமாக வாசலோரம் நின்றிருந்தார். பையிலிருந்து புது பேட்டரிகளை எடுத்துக் கொடுத்தார். மாரிட் கையுறையைக் கழற்றிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே கம்பிச்சுருளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய பேட்டரி எப்போதோ கசிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினாள், ஒரு சுருள் உடைந்து பனியில் விழுந்தது.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"கீழ கடையில வாடகைக்குக் கிடைக்கும்" என்றாள்.

"கிடைக்கும். ஆனா நீ போயிட்டு வர்றதுக்குள்ள இந்த வாசல மூடிடுவாங்கம்மா. போட்டி ஆரம்பிச்சா யாரையும் விடமாட்டோம்." வெர்ன் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு. காலையிலதான் குண்டு வெச்சு மேல இருந்த பனியை எல்லாம் இறக்கிட்டோம். இன்னைக்கு அங்க ஒண்ணும் சரியாது. நீ போ. நான் மீசையத் தடவிக்கிட்டு அந்தப் பக்கம் பாக்குறேன்."

மாரிட்டின் கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது. உண்மையில் போய்விட்டது. எம்மெட்டின் முதுகு அங்கே இருக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

பேர்டி அவளையே பார்த்தாள். கருவியை இன்னும் நீட்டிப் பிடித்திருந்தாள். போன மாதம், முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி விழுந்த அந்த அருமையான நாளில், அவளுடைய பீக்கன் கூவாததால் இதே வாசலிலிருந்து மாரிட் அவளைத் திருப்பி அனுப்பினாள். பேர்டி கண்ணீரும் மூக்குமாக இறங்கிப் போனாள். மறுநாள் டோனட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இல்ல வெர்ன்" என்றாள் மாரிட். "நான் வரல."

சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது.

எம்மெட் வரிசையை விட்டு வந்தான். "நீங்க வரலையா?"

"வர முடியாதுடா."

"அப்ப நானும் கீழயே வந்துடறேன்." அவன் குரலில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைக் கலக்கியது.

அப்போது எதிர்மலைக் குழு வந்து சேர்ந்தது. அவர்களுடைய கோச் ஹாலிஸ் முன்னால் வந்தான். நெடிய ஆள், வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். போன வருஷம் அவனுடைய குழுப் பையன் ஒருவன், போட்டிக்கு முந்தின சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் போட்டிச் சரிவில் இறங்கிப் பார்த்துவிட்டான். சரிவைக் கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்த்துத் தடத்தை முடிவுசெய்யலாமே தவிர, முன்னதாக அதில் ஸ்கீ படக்கூடாது. மாரிட் அதைப் பார்த்தாள், நடுவர்களிடம் சொன்னாள். பையனை விலக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஹாலிஸும் அவளும் தலையசைப்பதோடு சரி.

அவனிடம்தான் இப்போது கேட்க வேண்டும். வேறு கோச் யாரும் வாசலில் மிச்சமில்லை.

"ஹாலிஸ், ஒரு உதவி. என் பீக்கன் செத்துப்போச்சு. என் பசங்கள உங்களோட கூட்டிட்டுப் போறீங்களா? மத்தவங்க பிரச்சினை இல்ல. இவன் மட்டும்..." எம்மெட்டின் தோளைத் தொட்டாள்.

ஹாலிஸ் எம்மெட்டைப் பார்த்தான். அவன் போட்டிருந்த பெரிய, தேய்ந்த பூட்ஸைப் பார்த்தான்.

"அண்ணன் பூட்ஸா?"

"ம்."

"எனக்கும் அண்ணன் இருந்தான். வா."

மாரிட் அவசர அவசரமாக எம்மெட்டின் கையைப் பிடித்தாள். "ரெட்டை மரம் தாண்டினதும் இடது பக்கம் ஒட்டிக்கோ. பெரிய பாறை முனைக்கு வரும்போது வேகத்தைக் குறைக்காத, குறைச்சா பயம் வரும். குதிச்சதும் நேரா விடு. நேத்து போட்டோல கோடு போட்டுக் காட்டினேன்ல, அதே தடம். கண்ணை மூடி ஒரு தடவ..."

"கோச்" என்றான் ஹாலிஸ். "அவன் காதுல இடமே இல்ல. போதும்." பிறகு பிள்ளைகளோடு பேச அவள் மேலங்கியில் மாட்டியிருந்த ரேடியோவைக் காட்டினான். "இன்னொண்ணு. கீழேருந்து அதுல அவனைக் கூப்பிடாதீங்க. இது மட்டும் செய்ங்க."

செருப்பால் அடித்தது போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் உதவி கேட்டவள் அவள். "சரி" என்றாள்.

பேர்டி கயிற்றைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "எனக்கு இலவங்கப்பட்டை போட்டது கோச்!" என்றாள்.

போட்டிச் சரிவின் அடிவாரத்தில் பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளும் பிளாஸ்க்குகளுமாகக் கூடியிருந்தார்கள். மாரிட் சமன் செய்த பாதை வழியாக இறங்கி வந்து கயிற்றோரம் நின்றாள். நின்றாள் என்று சொல்ல முடியாது. இரண்டு அடி இந்தப் பக்கம், இரண்டு அடி அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் அவள் காலடியில் பனி மிதிபட்டுச் சேறானது.

லோர்னா அவளைக் கண்டதும் எழுந்தாள். தீவனக் கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நீ இங்க என்ன பண்ற? அவன் யாரோட இருக்கான்?"

மாரிட் சொன்னாள். லோர்னா கேட்டுக்கொண்டாள். பிளாஸ்க்கிலிருந்து சூடான கொக்கோவை மூடியில் ஊற்றி நீட்டினாள். "குடி. சூடு ஆறிடும்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னாலும் பிடிச்சுக்கோ. அந்த ரேடியோவ நீ பிடிச்சிருக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

மாரிட் ஒரு கையில் கொக்கோவும் மறு கையில் ரேடியோவுமாக நின்றாள். கொக்கோவை லோர்னாவின் நாற்காலியில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தால் உச்சியில் புள்ளிகள்தான் தெரிந்தன. அதில் எது எம்மெட்? உட்கார்ந்திருக்கும் புள்ளியா? எல்லோரையும் விட்டு விலகி நிற்கும் புள்ளியா? ஒரு புள்ளி முட்டி போட்டிருப்பது போலத் தெரிந்தது. அவனுக்கு மயக்கமா? கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. எடுத்துக்கொண்டாள். மறுபடியும் போனது.

ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பெண் பிள்ளைகள் முதலில் இறங்கினார்கள். பேர்டி நடுச்சரிவில் ஒரு சிறு பாறையிலிருந்து குதித்து, உட்கார்ந்து, எழுந்து, கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டு மிச்சத்தை இறங்கி வந்து சேர்ந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பாத்தீங்களா கோச்? உக்காந்தே வந்துட்டேன்!"

"பாத்தேன், அருமை. மேல எம்மெட் எப்படி இருக்கான்? ஹாலிஸ் என்ன சொல்றாரு அவன்கிட்ட?"

"அவரா? ஒண்ணுமே சொல்லல. வாயத் திறந்தா பல்லு கூசும் போல. வந்ததும் முட்டி போட்டு உக்காந்துட்டாரு. எல்லாரோட பூட்ஸையும் தூக்கச் சொல்லி, அடியில சுரண்டறாரு. ஏறும்போது மிதிச்ச பனி கீழ ஐஸா ஒட்டிக்குதில்ல, அத. அவங்க பசங்க, நம்ம பசங்க, எல்லாருக்கும். என்னோடது கூட. ராணி மாதிரி இருந்துச்சு கோச்."

மாரிட் தொலைநோக்கியைக் கீழே இறக்கினாள்.

பூட்ஸின் அடியில் ஐஸ் கட்டியிருந்தால் அதை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் சரியாகக் கவ்வாது. கவ்வியது போல ஒரு சத்தம் வரும். முதல் அடியில் பட்டென்று கழன்றுவிடும். தேயாத பூட்ஸுக்கு ஒரு தட்டு தட்டினால் போதும். தேய்ந்த அடி என்றால் பனி உள்ளே போய் இறுகிக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? ஒவ்வொரு நவம்பரிலும் முதல் வகுப்பில் அவளே சொல்வதுதான்.

கால் சரியில்ல கோச்.

இரண்டு முறை சொன்னான். அவள் இரண்டு முறையும் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஒரு முறைகூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை.

"லோர்னா, அவன் எப்பவாவது ஸ்கீ கழண்டு விழுந்திருக்கானா? உன்கிட்ட சொன்னானா?"

லோர்னா யோசித்தாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு நாள் முட்டியில பெரிய காயத்தோட வந்தான். பாறைக்கு மேல ஸ்கீ தன்னால கழண்டுச்சுன்னான். கோச்கிட்ட சொன்னியான்னு கேட்டேன். 'சொன்னா, பின்னால சாஞ்சிருப்பேன்னு சொல்வாங்க'ன்னான். ஏன்?"

மாரிட் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ கழலும் என்று, விழுந்த பிள்ளைகளிடமெல்லாம் அவள் சொல்வது வழக்கம்தான்.

ஒலிபெருக்கி எம்மெட்டின் பெயரைக் கூப்பிட்டது.

உச்சியில் ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. பிறகு, "அவர் இப்ப தயாரா இல்லையாம். கடைசிக்கு மாத்தியிருக்கோம். அடுத்தவர்..." என்றது.

முந்தைய இரண்டு போட்டிகளிலும் இதே வார்த்தைகள்தான். இதற்குப் பிறகுதான் மேட்டோரமாக ஒரு சிறு உருவம், ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வரும்.

லோர்னா பிளாஸ்க்கின் மூடியை எடுத்துத் துடைத்து மூடினாள். நாற்காலியை மடக்கத் தொடங்கினாள். மடக்கும்போது விரல் மாட்டிக்கொண்டது. சத்தம் போடாமல் உறிஞ்சிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மாரிட்டுக்குத் தாங்கவில்லை. ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோனாள். எம்மெட், தப்பு என்னோடதுடா, உன் பூட்ஸைப் பாருடா, என்று சொல்லிவிட வேண்டும். இந்த முறை உண்மையாகவே உபயோகமான ஒன்றைச் சொல்லப்போகிறாள். இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

ஒரு சிறு கையுறை வந்து ரேடியோவை மூடியது.

"ஹாலிஸ் வேண்டாம்னாரு" என்றாள் பேர்டி. "நீங்க சரின்னீங்க. நான் கேட்டேன்."

"பேர்டி, கையை எடு. இது முக்கியம்."

"வாசல்ல சரியா இருந்தீங்கல்ல கோச். இங்கயும் இருங்க."

மாரிட் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டாள். கை காலியானதும் அதை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். காலையில் தைரியத்தைக் கொடும் என்று கேட்டிருந்தாள். இப்போது எதைக் கேட்பதென்று தெரியாமல், அவன் கூட இரும், அது போதும் என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

மற்றப் பையன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேட்டோரத்தில் யாரும் நடந்து வரவில்லை. பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் கோத்தது. அங்கே யாரும் இல்லை.

"கடைசியா, எம்மெட்" என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் இரைச்சல். "கிளம்பிட்டார்!"

அவன் வந்தான். வேகமாக அல்ல. முதல் திருப்பத்திலேயே நின்றுவிடுவானோ என்று தோன்றும்படி ஒரு காலை அழுத்தினான், மறு காலை அழுத்தினான், சோதித்துப் பார்ப்பவனைப் போல. ரெட்டை மரம் வந்தது. மாரிட் போட்டோவில் சிவப்பு மையால் போட்டுக் காட்டிய கோடு இடது பக்கம் பெரிய பாறை முனைக்குப் போகும். அவன் வலது பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் முழங்கால் உயரப் பாறை ஒன்று. அதிலிருந்து ஒரு துள்ளல். இரண்டு ஸ்கீயும் காலோடே இருந்தன. அதற்குப் பிறகு அவன் அழுத்திப் பார்க்கவில்லை. கீழ்ச்சரிவின் மிருதுவான பனியில், மரங்களுக்கு நடுவே பயிற்சியில் வருவானே, அந்த எம்மெட் வந்தான்.

லோர்னா மடக்கிய நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

மதிப்பெண் போட்டார்கள். பெரிய பாறையிலிருந்து குதித்தால்தான் மதிப்பெண் அதிகம்; அதைத் தொடாததால் பட்டியலில் அவன் கீழே எங்கோ இருந்தான். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த கொக்கோவைச் சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"கடைசிக்கு மாத்தச் சொன்னது நான்தான்" என்றான் மாரிட்டிடம், கொஞ்சம் தயங்கி. "இடது கால்ல ஐஸ் உள்ள போயி இறுகிடுச்சு. அவரு சுரண்டிக்கிட்டே இருந்தாரு. என் பேரக் கூப்பிட்டாங்க. 'இன்னும் வரல, இருக்கச் சொல்லு'ன்னாரு. அப்புறம் மாட்டிட்டு மிதின்னாரு. மிதிச்சேன். கழட்டுன்னாரு. மறுபடியும் மாட்டுன்னாரு. எத்தன தடவன்னு தெரியல. எனக்கே போதும்னு ஆயிடுச்சு கோச். போதும் விடுங்க, நான் போறேன்னுட்டேன்." அவன் சிரித்தான். "நீங்க போட்ட தடத்துல போகல. திட்டுவீங்களா?"

"இல்லடா."

ஹாலிஸ் கடைசியாக இறங்கி வந்தான். அவனுடைய கால்சட்டை முட்டி இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. மாரிட் அவனை நோக்கிப் போனாள். நன்றி என்று ஆரம்பித்து, போன வருஷத்துப் புகாரில் போய் மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் புகார் சரிதான்" என்றான் ஹாலிஸ். "அதுல நீங்க செஞ்சது தப்பில்ல. எனக்கும் கொஞ்ச நாள் கோபம் இருந்துச்சு, அதுவும் தப்பில்ல." கையிலிருந்த பிளாஸ்டிக் சுரண்டியை ஒடிந்த முனையோடு பைக்குள் போட்டான். "டோனட் பேச்சு அடிபடுதே. எங்க பசங்களுக்கும் உண்டா?"

"உண்டு."

"எனக்குச் சர்க்கரை தூவினது" என்றுவிட்டுப் போனான்.

பிள்ளைகள் வேனுக்கு ஸ்கீகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எம்மெட் பனிமேட்டின் மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாரிட் வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். தன் பையிலிருந்த சுரண்டியை எடுத்து, அவன் இடது பூட்ஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்து வந்ததில் மறுபடியும் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது. அண்ணனுடைய கால் தேய்த்த பள்ளங்களில் அது அடைந்து கிடந்தது. பல்லிடுக்கைக் குத்துவது போலப் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"கோச், என்ன பண்றீங்க? நான் கீழ வந்துட்டேன்."

"தெரியும்."

"வீட்டுக்குத்தான் போறோம்."

"தெரியும்டா. கொஞ்சம் ஆடாம இரு."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து நிற்காமல் அலைந்த அவள் கைகள் இப்போது ஒரே வேலையில் இருந்தன. பிறகு அவன் மெதுவாக, அவள் கேட்காமலே, வலது காலையும் தூக்கி நீட்டினான்.